தைல மரக் கிளைக்குள் நீர் ஓடுவதைத் தங்க நானோ துகள்களைக் கொண்டு எக்ஸ்ரேயில் பார்க்க முடியுமா?

கேள்வி: செம்மண்காட்டுக்காரி (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். நான் தாவரவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஒரு பொருள் தேடிக்கொண்டிருக்கையில் தோன்றிய எண்ணம் இது. எங்கள் பக்கத்தில் தைல மரத்தைப் பற்றிப் பேசாத ஊர்க்கூட்டம் கிடையாது. கண்மாய்க்கு வரவேண்டிய நீரை வரத்துக்காலிலேயே அது குடித்துவிடுகிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மழை குறைந்ததற்கு மரத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமன்று. விரல் பருமனுள்ள ஒரு தைல மரக் கிளைக்குள், சைலக் குழாய்களின் வழியே நீர் எவ்வளவு வேகத்தில், எந்தெந்தக் குழாய்களில் ஏறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்பதே என் கேள்வி.

ஒளி புகாத உடலுக்குள் ஓடும் திரவத்தில் மிகச் சிறிய உலோகத் துகள்களைக் கலந்துவிட்டு, அடுத்தடுத்து எக்ஸ்ரே படங்கள் எடுத்து, இரண்டு படங்களுக்கு இடையில் துகள்கள் நகர்ந்த தொலைவைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று படித்தேன். தங்கக் கூழ்மத்தை, அதாவது தங்க நானோ துகள்கள் படியாமல் கலந்து நிற்கும் சிவப்பு நீர்மத்தை, எங்கள் வேதியியல் துறையிலேயே தயாரிக்க முடியும். கிளையை நீருக்கடியில் வெட்டி, வெட்டுமுனையை அந்தச் சிவப்புக் கரைசலில் நிறுத்தி, தெரிந்த பல் மருத்துவர் ஒருவரின் எக்ஸ்ரே கருவியில் படம் எடுக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் தைல மர இலைகளுக்குள் பொன் துகள்கள் இருப்பதை எக்ஸ்ரே முறையில் கண்டறிந்ததாகவும் அறிந்தேன். மரமே தங்கத்தை இலை வரை ஏற்றுமானால் நாம் கொடுக்கும் துகளையும் ஏற்றும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா? துகளின் அளவு என்னவாக இருக்க வேண்டும், தங்கத்துக்குப் பதிலாக வெள்ளியைப் பயன்படுத்தலாமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கதிர்க்கணக்கு (தேவகோட்டை)

வணக்கம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். உங்கள் திட்டத்தில் எக்ஸ்ரே தொடர்பான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

தங்கத்தை ஏன் தேர்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஒரு தனிமம் எக்ஸ்ரேயை விழுங்கும் அளவு அதன் அணு எண்ணின் மூன்றாம் அடுக்குக்கும் நான்காம் அடுக்குக்கும் இடைப்பட்ட விகிதத்தில் ஏறும். தங்கத்தின் அணு எண் 79. மென்மையான கிளைகளைப் படமெடுக்க ஏற்ற 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், எடைக்கு எடை பார்த்தால் தங்கம் நீரைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு உட்கவர்கிறது. இதைக் கேட்டதும் சிறிது தங்கம் போதும் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு.

சாதாரணமாக ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் தங்கக் கூழ்மத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவில்தான் தங்கம் இருக்கும். அந்தக் கரைசலால் 100 மைக்ரான் அகலமுள்ள ஒரு சைலக் குழாயை நிரப்பினால், தங்கத்தால் மட்டும் கூடும் நிழல் 0.004 சதவீதம். கேமராவின் இரைச்சலே ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது இது எங்கே தெரியப்போகிறது? ஐந்து சதவீத நிழலாவது விழ வேண்டுமென்றால் மில்லிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் தங்கம் வேண்டும். பத்து மில்லிலிட்டர் கரைசலுக்கு அரைக் கிராமைத் தாண்டிவிடும். இன்று தங்கம் விற்கிற விலையில் உங்கள் துறைத்தலைவர் அதற்குக் கையெழுத்திடுவாரா என்பது தனிக் கேள்வி.

கரைசல் முழுவதையும் பார்க்காமல் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே பின்தொடரலாமே என்று கேட்கலாம். வேகம் அளக்கும் முறையின் அடிப்படையே அதுதான். ஆனால் 50 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகள், ஒரு மைக்ரான் அகலமுள்ள பிக்சலில் லட்சத்தில் ஒரு பங்கு நிழலைத்தான் தரும். அதே தங்கம் ஒரு மைக்ரான் விட்டமுள்ள உருண்டையாக இருந்தால் நிழல் எட்டு சதவீதத்தை எட்டும். அதை நன்றாகவே பார்க்கலாம். ஆனால் நீரைவிட 19 மடங்கு அடர்த்தியுள்ள அந்த உருண்டை சும்மா மிதந்துகொண்டிருக்காது. நொடிக்குப் பத்து மைக்ரான் வீதம், அதாவது மணிக்கு மூன்றரை சென்டிமீட்டர் கீழே இறங்கும். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் ஓடும் சாற்றில் இந்தப் பிழை ஒரு சதவீதந்தான் என்றாலும், ஓட்டம் மெதுவாகும் இடங்களிலெல்லாம் துகள் அடியில் தங்கிவிடும். 50 நானோமீட்டர் துகளோ ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இறங்காது. மிதப்பது தெரியாது, தெரிவது மிதக்காது என்பதுதான் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கும் இழுபறி.

இதற்குக் கண்ட வழிகளுள் ஒன்று, நிறையத் தங்க நானோ துகள்களை மைக்ரான் அளவுள்ள பாலிமர் உருண்டைக்குள் அடைப்பது. தங்கம் நிழலைத் தரும். பாலிமர் சராசரி அடர்த்தியைக் குறைக்கும். தென் கொரியாவின் போகாங் நகரிலுள்ள சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி மிகச் செறிவான எக்ஸ்ரேயைத் தரும் பெரிய கருவி) இரத்த ஓட்டம் போன்றவற்றைப் பார்க்க இவ்வகைத் துகள்களைச் செய்திருக்கிறார்கள்.

பல் மருத்துவரின் கருவியை மறந்துவிடுங்கள். அதன் உணரியில் ஒரு பிக்சல் இருபது மைக்ரான் அளவில் இருக்கும். மருத்துவமனைக் கருவிகளில் நூறு மைக்ரானையும் தாண்டும், அதாவது உங்கள் குழாய் முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். தவிரவும், நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் துகள் கலங்காமல் பதிய வேண்டுமென்றால் ஒரு படத்துக்கான நேரம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் போதுமான கதிரை அனுப்பச் சிங்க்ரோட்ரானால்தான் முடியும்.

பதில்: கூழ்மக்காரர் (காரைக்குடி)

கதிர்க்கணக்கு ஐயா சொன்னதோடு வேதியியல் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் கூழ்மம் 1951-இல் டர்க்கெவிச்சும் அவரோடிருந்தவர்களும் ஆராய்ந்து எழுதிய சிட்ரேட் முறைப்படி வருவது. குளோரோஆரிக் அமிலக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், வெளிர் மஞ்சள் முதலில் நிறமற்றுப் போய், பிறகு கருநீலமாகக் கறுத்து, சில நிமிடங்களில் தெளிந்த மதுச் சிவப்பாக மாறும். துகள்கள் பெரும்பாலும் 15 முதல் 20 நானோமீட்டர் வரை அமையும். இந்தத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மேலுள்ள சிட்ரேட்டின் எதிர்மின்சுமை மட்டுமே. ஒரு சோதனைக் குழாயில் இந்தச் சிவப்புக் கரைசலை எடுத்துக்கொண்டு சிறிது உப்புநீரை விட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகி, பின் சாம்பல் கலந்த நீலமாகி, மறுநாள் காலையில் அடியில் கறுப்பாகப் படிந்திருக்கும். உப்பிலுள்ள அயனிகள் மின்சுமையை மறைத்ததும் துகள்கள் ஒன்றுகூடிவிடுகின்றன.

சைலச் சாறு வெறும் தண்ணீர் அன்று. அதில் பொட்டாசியமும் கால்சியமும் இருக்கின்றன. குறிப்பாகக் கால்சியம் போன்ற இரட்டை மின்சுமை அயனிகள் கூழ்மத்தைக் குலைப்பதில் வல்லவை. ஆகவே சிட்ரேட் கூழ்மத்தை அப்படியே கிளைக்குக் கொடுத்தால், நீங்கள் அளவிட்டு அனுப்பிய 20 நானோமீட்டர் துகள் உள்ளே போன பிறகும் 20 நானோமீட்டராகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கந்தக முனையுள்ள பாலிஎத்திலீன் கிளைக்காலை மேற்பூச்சாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். மையவிலக்கியில் இட்டுச் செறிவைக் கூட்டுவதற்கும் அந்தப் பூச்சு வேண்டும். அதில்லாமல் சுழற்றினால் அடியில் படிந்தது திரும்பக் கலங்கி வராது.

வெள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலை மட்டுமல்ல, இயற்பியலும் ஓரளவு வெள்ளியின் பக்கமே இருக்கிறது. வெள்ளியின் உட்கவர் எல்லை, அதாவது எக்ஸ்ரேயை விழுங்கும் அளவு திடீரென எகிறும் ஆற்றல், 25.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வருவதால், 30-இல் எடைக்கு எடை அது தங்கத்தையே மிஞ்சும். இருந்தும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று கரைந்த நீரில் வெள்ளித் துகள் மெல்ல மெல்ல அயனியாகக் கரையும். வெள்ளி அயனி உயிருள்ள செல்களுக்கு நஞ்சு. அதோடு அது எத்திலீன் என்ற தாவர ஹார்மோனின் வேலையையும் தடுக்கும். வெட்டிய பூக்கள் வாடாமலிருக்க வெள்ளித் தயோசல்பேட்டில் தண்டை நனைக்கிறார்களே, அது இந்தக் குணத்தை நம்பித்தான். பார்க்க வந்த ஓட்டத்தையே மாற்றிவிடக்கூடிய பொருளைத் தடங்காட்டியாக வைத்துக்கொள்வது எந்த ஆய்விலும் ஆபத்து.

பதில்: மரநாளம் (கானாடுகாத்தான்)

இருவரும் சொன்னவை சரி. ஆனால் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய தடை எக்ஸ்ரேயிலும் இல்லை, கூழ்மத்திலும் இல்லை, மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

சைலக் குழாய் வேரிலிருந்து இலை வரை ஒரே நீளக் குழாயாக ஓடுவதில்லை. ஒவ்வொரு குழாயும் ஏதோ ஓரிடத்தில் முடிகிறது. அங்கே நீர் பக்கச் சுவரிலுள்ள குழிகளின் வழியே அடுத்த குழாய்க்குத் தாண்ட வேண்டும். அந்தக் குழிகளின் நடுவே செல்லுலோஸ் இழைகளால் ஆன ஒரு சவ்வு இருக்கிறது. அதன் துளைகள் பூக்கும் தாவரங்களில் பெரும்பாலும் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரைதான். ஒரு குழாயில் காற்று புகுந்துவிட்டால் அது அடுத்த குழாய்க்குப் பரவாமல் காப்பதே இந்தச் சவ்வுதான். சாறு எதிரழுத்தத்தில் இழுபட்டுக்கொண்டிருக்கும் மரத்துக்கு இந்தக் காவல் இல்லாவிட்டால் ஒரு கிளை ஒடிந்தாலே முழு மரமும் பட்டுப்போகும். எனவே வெட்டுமுனையில் திறந்திருக்கும் குழாய்க்குள் உங்கள் 50 நானோமீட்டர் துகள் தாராளமாக நுழையும், அந்தக் குழாய் முடியும் இடம் வரை ஏறும், பிறகு சவ்வில் மோதி நிற்கும். நீர் மட்டும் அப்பால் போகும். துகள்கள் சேரச் சேரச் சவ்வு அடைபட்டு, சிறிது நேரத்தில் நீரோட்டமும் குறையும். பாலிமர் உருண்டைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் ஆஸ்திரேலிய மரங்களின் இலைக்குப் பொன் எப்படிப் போனது என்பது நியாயமான கேள்வி. 2013-இல் வெளியான அந்த ஆய்வு மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி வட்டாரத்தைச் சேர்ந்தது; முப்பது மீட்டருக்கும் கீழேயிருந்த பொன் படிவுக்கு மேல் வளர்ந்த தைல மரங்களின் இலைகளில் துகள்களைக் கண்டார்கள். பொன் துகளாக ஏறவில்லை. கரைந்த நிலையில் வேரால் உறிஞ்சப்பட்டு, மரத்துக்கு வேண்டாத பொருளாக இலையில் ஒதுக்கப்பட்டு அங்கே துகளாகியது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அயனிக்குச் சவ்வு வழிவிடும், துகளுக்கு விடாது. ஆகவே அந்த ஆய்வை உங்கள் திட்டத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

நான் சொல்ல விரும்புவது இன்னொன்று. இந்தத் தடையையே அளவீடாக மாற்றிக்கொள்ளலாம். 5, 10, 20, 50 நானோமீட்டர் என்று அளவு தெரிந்த தங்கத் துகள்களைத் தனித்தனியே கிளைத் துண்டுகளின் வழியே செலுத்தி, எந்த அளவு தாண்டுகிறது, எந்த அளவு நிற்கிறது என்று பார்த்தால், குழிச் சவ்வின் துளை அளவு தெரிந்துவிடும். தாவர உடற்செயலியலில் கூழ்மத் தங்கத்தை இதற்காகவே பயன்படுத்தி வருகிறார்கள். துளை அளவு தெரிந்தால், வறட்சியில் எந்த இழுவிசை வரை அந்த மரம் காற்றடைப்பைத் தாங்கும் என்பதைப் பற்றியும் பேச முடியும். இதற்குச் சிங்க்ரோட்ரான் வேண்டாம். வெளியே சொட்டும் திரவத்தின் சிவப்பை நிறமாலைமானியில் 520 நானோமீட்டர் அருகே அளந்தாலே தாண்டிய தங்கத்தின் அளவு கிடைக்கும். சிக்கிய துகள்களைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி. இவை இரண்டும் காரைக்குடியை விட்டு வெளியே போகாமலே கிடைக்கக்கூடியவை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உங்கள் ஊரிலேயே 1953 முதல் இருக்கிறது.

எந்தெந்தக் குழாய்கள் இயங்குகின்றன என்பதை எக்ஸ்ரேயில்தான் பார்க்க வேண்டுமென்றால் உலோகத்தை விட்டு அயோடினுக்கு வாருங்கள். மருத்துவமனைகளில் ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் அயோஹெக்சால் மின்சுமையற்ற ஒரு சிறு மூலக்கூறு. ஒரு நானோமீட்டர் அளவில் இருப்பதால் சவ்வு அதைத் தடுக்காது. புட்டியில் வரும் செறிவில் அது சாற்றைவிடப் பல மடங்கு பிசுபிசுப்பாக இருக்கும் என்பதால் நீர்த்துத்தான் கொடுக்க வேண்டும். நுண் சி.டி. ஸ்கேனில் அயோடின் ஏறிய குழாய்கள் வெண்மையாகவும், காற்றடைத்தவை கறுப்பாகவும் தெரியும்.

பதில்: பொறிவண்டு (கோட்டையூர்)

பூச்சிகளைப் படிப்பவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. துகளை எக்ஸ்ரேயில் பின்தொடரும் முறை உயிரியலில் வேலை செய்யாது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பூச்சியின் திறந்த இரத்த ஓட்டத்தில் சவ்வு வடிகட்டி கிடையாது. வெட்டுக்கிளியின் இதயக் குழாய்க்குள் இரத்தம் ஓடுவதைக் காற்றுக் குமிழிகளைச் செலுத்தியே சிங்க்ரோட்ரானில் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2009-இல் வந்தது. அதற்கு முன்பே, 2003-இல், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் வண்டுகளின் மூச்சுக்குழல்கள் சுருங்கி விரிவதை எந்தத் துகளும் கலக்காமல் படமெடுத்தார்கள். காற்றுக்கும் திசுவுக்கும் இடைப்பட்ட எல்லையே போதுமான மாறுபாட்டைத் தந்துவிட்டது. கொசு உறிஞ்சும்போது தலைக்குள்ளிருக்கும் இரண்டு பம்புகளும் மாறி மாறி இயங்குவதையும் இப்படித்தான் கண்டார்கள். எந்த உயிரியில் எந்தத் தடங்காட்டி என்பது அந்த உயிரியின் உள்ளமைப்பைப் பொறுத்தது. மரத்தில் காற்றுக் குமிழியை விட்டால் என்னவாகும் என்பதை மரநாளம் ஐயா சொல்லிவிட்டார்.

மறுமொழி: செம்மண்காட்டுக்காரி (காரைக்குடி)

அனைவருக்கும் மிக்க நன்றி. மரநாளம் ஐயா சொன்ன துளை அளவு ஆய்வு என்னை ஈர்க்கிறது. தைல மரத்தையும் சீமைக் கருவேலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டும் எங்கள் செம்மண்ணில் ஒரே காட்டில் கிடைக்கின்றன. இருந்தாலும் இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஒரு மரம் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் எடுக்கிறது என்ற ஊர்க் கேள்விக்கு இந்த ஆய்வு ஏதேனும் விடை தருமா? அயோடின் முறைக்கு இந்தியாவிலேயே சிங்க்ரோட்ரானில் நேரம் கிடைக்குமா?

பதில்: மரநாளம் (கானாடுகாத்தான்)

முதல் ஐயத்துக்கு: தராது. அதற்கு வெப்ப முறைதான் சரி. தண்டுக்குள் இரண்டு ஊசிகளைச் செருகி, ஒன்றைச் சூடாக்கி, சாறு ஓட ஓட அது எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்கும் கிரானியேவின் முறை 1985-இலிருந்து உலகெங்கும் காடுகளில் நடைமுறையில் இருக்கிறது. செலவும் குறைவு, மரத்தை வெட்டவும் வேண்டாம், இரவும் பகலும் தானே பதிவாகும். ஆனால் பொதுச் சமன்பாட்டை அப்படியே எடுத்துப் போடாமல், உங்கள் மரத்தின் கட்டைத் துண்டிலேயே அளவுதிருத்தம் செய்துகொள்ளுங்கள். அதைச் செய்யாமல் வெளியிடும் லிட்டர்க் கணக்கை நான் நம்புவதில்லை.

கிளை வெட்டும்போது ஒரு கவனம். விடியற்காலையில், இழுவிசை குறைவாக இருக்கும் நேரத்தில், தேவைப்படும் நீளத்தைவிட நீளமாக வெட்டி, பிறகு நீருக்கடியில் இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நண்பகலில் வெட்டினால் நீருக்கடியில் வெட்டினாலும் குழாய்களில் காற்று புகுந்துவிட வாய்ப்புண்டு. தங்கத்தைச் செலுத்தும் துண்டு, அந்த மரத்தின் மிக நீளமான சைலக் குழாயைவிட நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் இரு முனையும் திறந்த குழாயின் வழியே துகள் நேராகப் போய்விடும். சவ்வு பெரிய துகளுக்கும் வழிவிட்டதாக நீங்கள் எழுதிவிடுவீர்கள்.

பதில்: கதிர்க்கணக்கு (தேவகோட்டை)

இரண்டாம் ஐயத்துக்கு நான். இந்தோரிலுள்ள ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-2 என்ற 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் சிங்க்ரோட்ரான் இயங்குகிறது. அதில் படமெடுப்பதற்கென்றே ஒரு கதிர்ப்பாதை உண்டு. வெளிக் கல்வி நிறுவனங்களிலிருந்து ஆய்வு முன்மொழிவுகளைப் பெற்று, மதிப்பிட்டு நேரம் ஒதுக்குகிறார்கள். உங்கள் வழிகாட்டியின் பெயரில் விண்ணப்பிப்பதே முறை. அயோடினின் உட்கவர் எல்லை 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதற்குச் சற்றுக் கீழே ஒரு படமும் சற்று மேலே ஒரு படமும் எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், மரக்கட்டையின் நிழல் போய் அயோடின் மட்டும் எஞ்சும். விண்ணப்பத்தில் இதைத் தெளிவாக எழுதுங்கள். ஏன் சிங்க்ரோட்ரானே வேண்டும் என்ற கேள்விக்கு அதுவே விடை. சாதாரணக் குழல் கருவியில் அவ்வளவு குறுகிய ஆற்றல் பட்டை கிடைக்காது.

கதிரின் தீங்கையும் கணக்கில் எடுங்கள். சைலக் குழாய் இறந்த செல் என்பதால் அதன் சுவர் தாங்கும். சுற்றியுள்ள உயிருள்ள பாரன்கைமா செல்கள் தாங்காது. ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்தால் இரண்டாம் நாள் பார்ப்பது முதல் நாளின் மரமாக இருக்காது. ஆகவே கதிர் படாத ஒரு துணைக் கிளையை ஒப்பீட்டுக்கு உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பல் மருத்துவரின் கருவியைச் சோதனைக்காகக்கூடத் தொட வேண்டாம். நம் நாட்டில் எக்ஸ்ரே கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்தின்கீழ் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு வாங்கிய உரிமத்தில் மரக்கிளையைப் படமெடுத்தால் சிக்கல் அந்த மருத்துவருக்குத்தான். முன்மொழிவுக்கு முன்சோதனைப் படங்கள் வேண்டுமென்றால், நுண் சி.டி. கருவி உள்ள கல்வி நிறுவனம் ஒன்றை உங்கள் துறை வழியாக எழுத்தில் அணுகுங்கள். மாதிரி ஐந்து மில்லிமீட்டர் பருமனைத் தாண்டாமல் இருக்கட்டும். அயோஹெக்சால் ஏற்றிய துண்டு ஒன்றையும், வெறும் நீர் ஏற்றிய துண்டு ஒன்றையும் ஈரம் காயாமல் பாரபிலிம் என்ற மெழுகுப் படலத்தில் சுற்றி அனுப்புங்கள்.